கோழியின் கொண்டை ஏன் வெளுத்தது?

முட்டை எடுக்கக் கூட்டுக்குள் கையை விடுகிறீர்கள். வெளியே எடுத்ததும் மணிக்கட்டில் ஏதோ ஊர்கிறது. உற்றுப் பார்த்தால் மிளகுத்தூள் சிந்தியது போன்ற புள்ளிகள், அவை நகர்கின்றன! கூட்டில் இருக்கும் கம்பத்துக் கோழியோ கொண்டை வெளுத்து, தலையை உள்ளிழுத்துக் கொண்டு சோர்ந்து கிடக்கிறது. ஜொகூரில் தோட்டத்து வீடுகளிலும் கம்பங்களிலும் கோழி வளர்ப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான்.

இதைக் 'கோழிப்பேன்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பேன் ஆறு கால் பூச்சி. கோழியின் உடலில் வாழும் பேன்கள் பெரும்பாலும் இறகையும் தோல் செதிலையும் மென்று வாழ்பவை. நாம் பார்த்த புள்ளிகள் சிற்றுண்ணிகள். வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால்கள். அது சிலந்தியின் உறவுக்காரன். உடல் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதன் உணவு இரத்தம். கூட்டம் பெருகினால் கோழிக்கு இரத்தசோகை வரும். கொண்டை வெளுப்பது அதனால்தான்.

நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஆர்னிதோனிசஸ் பர்சா என்ற இனம் கோழியின் இறகிலும் கூட்டிலும் குடியிருக்கும். டெர்மனிசஸ் காலினே எனப்படும் செஞ்சிற்றுண்ணியின் வழக்கம் வேறு. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருக்கும். இரவில் கோழி உறங்கும்போது ஏறி இரத்தம் குடித்துவிட்டு மறுபடியும் இடுக்குக்கே திரும்பிவிடும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்து "ஒன்றுமே இல்லையே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

ஆகவே இரவில் பாருங்கள். அது கோழிக்கும் நல்லது. கோழியின் கண்ணுக்குப் பகலில் நிறங்கள் நம்மைவிட நுட்பமாகத் தெரியும். மங்கிய வெளிச்சத்திலோ பார்வை மிகவும் குறைவு. பகலில் துரத்தினால் பறந்து மோதும் அதே கோழி, இருட்டிய பிறகு பரணில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பகல் துரத்தலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். நம்மூர் மதிய வெயிலில் பத்து நிமிடம் ஓடவிட்டால் சிற்றுண்ணி செய்யாத கெடுதலை நாமே செய்துவிடுவோம்.

கைவிளக்கின் மேல் ஒரு துணியைச் சுற்றி ஒளியை மங்கலாக்குங்கள். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டு போகாதீர்கள். பருந்து இறங்குவதும் அப்படித்தானே? பக்கவாட்டிலிருந்து இரு கைகளாலும் இறக்கைகளை உடலோடு சேர்த்துப் பிடித்து, உங்கள் விலாவோடு அணைத்துக்கொள்ளுங்கள். அணைப்பு இறுக வேண்டாம். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். மார்பை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும்.

கோழியை மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும் என்று சிலர் வித்தை காட்டுவார்கள். 1646-இலேயே அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற அறிஞர், கோழியின் அலகின் முன் கோடு வரைந்து அதை 'மயக்கும்' சோதனையை எழுதி வைத்தார். அது மயக்கமும் அல்ல, நிம்மதியும் அல்ல. கொன்று தின்ன வரும் விலங்கிடம் அகப்பட்ட பறவை, கடைசி உபாயமாகச் செத்ததுபோல் உறைந்துவிடுகிறது. அதிகம் பயந்த கோழி அதிக நேரம் உறைந்து கிடக்கும். ஆய்வாளர்கள் அந்த நேரத்தைக் கொண்டே கோழியின் அச்சத்தை அளக்கிறார்கள். அதனால் கோழி நிமிர்ந்த நிலையிலேயே இருக்கட்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் கழிவாயைச் சுற்றியுள்ள இறகுகளை விலக்கிப் பார்க்கலாம். பிறகு பரணின் அடிப்பக்கத்தை வெள்ளைக் காகிதத்தால் துடையுங்கள். சிவப்புக் கறை படிந்தால், அது உங்கள் கோழியின் இரத்தம்.

அடுத்து மருந்து. இங்கேதான் பெரும் தவறு நடக்கிறது. வீட்டில் இருக்கிறதே என்று நாய், பூனைக்கான தெள்ளுப்பூச்சி மருந்தைக் கோழிக்கும் விடுவார்கள். அவற்றில் சிலவற்றில் இருப்பது ஃபிப்ரோனில். 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் செஞ்சிற்றுண்ணியை ஒழிக்க, தடையை மீறி இதே ஃபிப்ரோனில் பயன்படுத்தப்பட்டது தெரியவந்தது. கொழுப்பில் கரையும் அந்த நஞ்சு முட்டையின் மஞ்சள் கருவில் சேர்ந்திருந்தது. பல இலட்சக்கணக்கான முட்டைகளை அழிக்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டுக் கோழியின் முட்டையைச் சாப்பிடப்போவது உங்கள் தம்பி தங்கைகள்தானே! கால்நடை மருத்துவரிடமோ, கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்திலோ கேளுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதோடு, எத்தனை நாளுக்கு முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. கூட்டிலுள்ள பழைய வைக்கோலைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கோழியை வெளியே விட்டுவிட்டு, பெரியவர் துணையோடு பலகை இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். தப்பிய முட்டைகள் இரண்டு மூன்று நாளில் பொரிந்து, நமது வெப்பத்தில் சுமார் ஒரு வாரத்தில் முழு வளர்ச்சி பெற்றுவிடும். எனவே வாரம் ஒருமுறை சுத்தம் செய்வது அவசியம்.

கோழி தானே செய்யும் வைத்தியமும் உண்டு. அதுதான் மண்குளியல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மண்குளியல் பெட்டியில் மணலோடு களிமண் தூள், டயட்டம் மண், கந்தகத் தூள் ஆகியவற்றைத் தனித்தனியே கலந்து பார்த்தார்கள். மூன்றுமே சிற்றுண்ணிகளைக் குறைத்தன. கந்தகம் முன்னிலையில் நின்றது. நம் வீட்டுக்குக் காய்ந்த மணலே நல்ல தொடக்கம். ஆனால் ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் ஜொகூரில் காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது? ஒரு பழைய டயருக்குள் மணலைக் கொட்டிக் கூரைக்கு அடியில் வையுங்கள். தூளைக் கோழியின் மேல் வீசாதீர்கள், மூச்சில் ஏறும். அது தானே புரண்டுகொள்ளும்.

உங்களையும் சிற்றுண்ணி கடிக்கும், அரிக்கும்; ஆனால் மனித உடலில் அது குடியேறாது. கூட்டைத் தொட்ட பிறகு குளித்து, உடையைத் துவைத்தால் போதும். மூன்று வாரம் கழித்து அதே வெள்ளைக் காகிதத்தோடு ஓர் இரவு மீண்டும் போங்கள். காகிதம் வெள்ளையாகவே திரும்பி வந்தால், மறுநாள் காலையில் கொண்டையின் நிறத்தையும் பார்த்துக் குறித்து வையுங்கள்.