விப்ஜியார் மட்டும் போதுமா?

வானவில்லின் ஏழு நிறங்களை வரிசையாகச் சொல்லத் தடுமாறுகிறீர்களா? அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'விப்ஜியார்' என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஊதா, கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரிசை தவறாமல் வரும்.

சரி, வில்லின் வெளி விளிம்பில் இருப்பது ஊதாவா, சிவப்பா? விப்ஜியார் இதற்கு விடை சொல்லாது! நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகை விலகிச் சிவப்பும், 40 பாகை விலகி ஊதாவும் தெரிகின்றன. கோணம் பெரிதானால் வளையமும் பெரிது. ஆகவே சிவப்பே வெளியே இருக்கும்.

காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, வாயில் நீரை வைத்துக் கொப்பளித்துத் தூவிப் பாருங்கள். குறிப்புச்சொல் வரிசையை நினைவூட்டும். காரணம் புரிந்தால்தான் பாடம் உங்களுடையதாகும்.