நெப்ராஸ்கா மணற்குன்றில் கோல்ஃப்: போவது எப்படி, ஆடுவது எப்படி

லிங்க்ஸ் வகை கோல்ஃப் மைதானம் என்றதும் ஸ்காட்லாந்துக் கடற்கரைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆட்டத்துக்குக் கடல் தேவையில்லை. மழைநீரை உடனே உறிஞ்சும் மணல், அதன்மேல் குட்டையான கெட்டிப் புல், மரங்களின் மறிப்பு இல்லாமல் வீசும் காற்று ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அமெரிக்காவின் நட்டநடுவே, நெப்ராஸ்கா மாநிலத்தில், மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அங்கே சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடப்பது மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணற்குன்றுப் பகுதி. புல் போர்த்தியிருப்பதால் பார்வைக்குப் பாலைவனமாகத் தெரியாது. கையளவு தோண்டினால் மணல்.

இந்த மண்ணின் அருமையை உலகுக்குக் காட்டியது முல்லன் என்ற சிற்றூருக்கு அருகே 1995இல் திறக்கப்பட்ட சாண்ட் ஹில்ஸ் மைதானம். வடிவமைத்தவர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும். அது உறுப்பினர்களுக்கான தனியார் மைதானம். நம்மைப் போன்றவர்கள் நினைத்தபோது போய் ஆட முடியாது. அங்கே பணிபுரிந்த டேவ் ஆக்ஸ்லாண்ட், டான் புராக்டர் இருவரும் சேர்ந்து, மணற்குன்றுகளின் தெற்கு விளிம்பில் உள்ள காதன்பர்க் என்ற ஊரில் வைல்ட் ஹார்ஸ் மைதானத்தை அமைத்தார்கள். 1999இல் திறந்தது. ஊரின் மக்கள்தொகை சுமார் 3,500தான். மைதானமோ எல்லோருக்கும் திறந்தது. பெபிள் பீச் போன்ற புகழ்பெற்ற மைதானத்தில் ஒரு சுற்று ஆட 600 டாலருக்கு மேல் ஆகிறது. இங்கே அதில் ஒரு சிறு பங்கு கொடுத்தால் போதும். இந்த விளையாட்டு பணக்காரர்களுக்கு மட்டுமானது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான்.

போய்ச் சேர்தல்

ஐ-80 நெடுஞ்சாலையில் 211ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் காதன்பர்க். டென்வரிலிருந்து ஏறக்குறைய 300 மைல், ஒமாஹாவிலிருந்து சுமார் 240 மைல். இந்த இரண்டு ஊர்ப் பக்கமும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் வாரக் கடைசியில் காரில் போய்வரத் தோதான இடம்.

டென்வரிலிருந்து வருபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒகல்லாலாவைத் தாண்டி நார்த் பிளாட் வருவதற்குள் நேர மண்டலம் மாறுகிறது. கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். காலை 10 மணிக்கு ஆட்டம் பதிவு செய்திருந்தால் டென்வர் கணக்கில் அது 9 மணி. இதைக் கவனிக்காமல் கிளம்பினால் முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் மேடையில், உங்கள் முறை போயிருக்கும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆடலாம். என் தேர்வு செப்டம்பர்: புல் பொன்னிறமாகும், தரை இறுகும், வெயிலும் தணியும். ஜூனில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலையில் தொடங்கியும் முடிக்கலாம். மாலைக் கட்டணம், வார நாள் கட்டணம் தனியாக உண்டா என்று ஃபோனில் கேளுங்கள். வண்டி எடுக்காமல் நடந்தால் செலவு இன்னும் குறையும். பையைத் தோளில் சுமக்க முடியாதவர்கள் தள்ளுவண்டி கிடைக்குமா என்றும் கேட்டு வைக்கலாம். சைவச் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக் காரில் வைத்துக்கொண்டால் ஆட்டம் முடிந்ததும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

எங்கிருந்து தொடங்குவது

பின்கோடியில் இருக்கும் டீயிலிருந்து ஆடினால் மைதானம் 6,900 கஜத்தைத் தொடும். பெரும்பாலோருக்கு அது அதிகம். ஒரு எளிய கணக்கு இருக்கிறது. உங்கள் 5 அயர்ன் கிளப்பால் அடித்த பந்து எத்தனை கஜம் போகுமோ அதை 36ஆல் பெருக்குங்கள். 150 கஜம் போனால் 5,400. அந்த நீளத்துக்கு நெருக்கமான டீயைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு குழியிலும் கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தளத்தை) எட்ட நியாயமான வாய்ப்பு இருக்கும். ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,500 அடிக்கு மேல் இருப்பதால் பந்து இரண்டு, மூன்று சதவீதம் கூடுதலாகவே போகும். ஆனால் காற்றின் முன் இது பெரிய விஷயமில்லை.

பந்தைத் தரையில் ஓட்டுதல்

லிங்க்ஸ் ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சி மெத்தையாக்கிய மைதானங்களில் ஆடிப் பழகியவர்கள் பந்தை உயரத் தூக்கிக் கொடிக்கருகே இறக்கப் பார்ப்பார்கள். இங்கே இறங்கிய பந்து நிற்காது. கெட்டித் தரையில் துள்ளிக் கிரீனின் மறுபக்கம் போய் விழும்.

கிரீனுக்கு வெளியே கொடியிலிருந்து 25 கஜத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். கை தானாக 60 டிகிரி வெட்ஜைத் தேடும். அதைப் பையிலேயே விடுங்கள். இறுகிய தரையில் வெட்ஜின் அடிப்பாகம் பட்டுத் துள்ளி, அதன் விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து கிரீனைத் தாண்டிப் பறந்துவிடும். 8 அயர்னை எடுங்கள். பிடியில் இரண்டு அங்குலம் கீழே இறக்கிப் பிடியுங்கள். பந்து உங்கள் வலது காலுக்கு நேரே இருக்கட்டும், உடல் எடை இடது காலில் நிற்கட்டும், இடதுகை ஆட்டக்காரர்கள் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டை மடக்காமல், புட்டரில் உருட்டுவது போலவே தோளால் ஆட்டுங்கள். பந்து தூரத்தில் கால் பங்கு காற்றிலும் முக்கால் பங்கு தரையிலும் போகும்.

கொடியைப் பார்த்து அடிக்கக் கூடாது. பந்து முதலில் விழ வேண்டிய இடத்தை, ஆறேழு கஜம் முன்னால் தெரியும் ஒரு பழுப்புப் புல்திட்டை, குறிவையுங்கள். அங்கிருந்து சரிவு பந்தை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைக் குனிந்து பாருங்கள். நன்றாக விழுந்த பந்து மேட்டில் ஏறி, உச்சியில் வேகம் குறைந்து, ஒருபக்கம் வளைந்து குழியை நோக்கி இறங்கும். இடையில் புல் மிகக் குட்டையாக இருந்தால் புட்டரையே எடுக்கலாம். கிரீனுக்கு வெளியிலிருந்தும் புட்டர் போட விதி இடம் தருகிறது. புதிதாக ஆடுபவருக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

நீண்ட அடிகளிலும் இதே மனநிலை வேண்டும். பெரும்பாலான கிரீன்களுக்கு முன்பக்கம் வழி திறந்திருக்கும். பந்தை முன்னால் இறக்கி உருளவிடுங்கள்.

காற்றோடு போதல்

எதிர்க்காற்றில் வேகமாக அடித்தால் தூரம் கூடாது. வேகமான வீச்சு பந்துக்குப் பின்சுழற்சியைக் கூட்டும். அது காற்றில் எழும்பி அங்கேயே விழும். 7 அயர்ன் தூரமென்றால் 6 அல்லது 5ஐ எடுத்து, முக்கால் வீச்சில் மெதுவாக அடியுங்கள். எதிர்க்காற்று பறிக்கும் தூரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்காற்றில் பந்து கிரீனில் நிற்காது என்பதால் இருபது முப்பது கஜம் முன்னாலேயே இறக்க வேண்டும். பக்கக் காற்றை எதிர்த்துப் பந்தை வளைக்கப் பாடுபடாதீர்கள். தள்ளிக் குறிவைத்துக் காற்றே திருப்பிக் கொண்டுவர விடுங்கள்.

பலமான காற்றுள்ள நாளில் மதிப்பெண் அட்டையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நண்பரோடு குழிக்குக் குழி போட்டியாக ஆடிப் பாருங்கள். ஒரு குழி கெட்டால் அதோடு போய்விடும், அடுத்த டீயில் புதிதாகத் தொடங்கலாம்.

உயரப் புல்லும் மணற்பள்ளங்களும்

ஃபேர்வேக்கு வெளியே முழங்கால் உயரப் புல்வெளி. பந்து அங்கே போனதாகச் சந்தேகம் வந்தால், அறிவித்துவிட்டு உடனே ஒரு தற்காலிகப் பந்தை அடியுங்கள். 2019 முதல் தேடுவதற்கு 3 நிமிடம்தான். கிடைத்தாலும் வீரம் காட்ட வேண்டாம். ஒரு தண்டனை அடி சேர்த்துக்கொண்டு, குழிக்கு அருகில் போகாமல், இரண்டு கிளப் நீளத்துக்குள் விட்டு ஆடினால் மொத்தத்தில் நட்டம் குறைவு. அந்தப் பகுதியில் கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு. புதருக்குள் கையை விடாதீர்கள்; கிளப்பால் விலக்கிப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்கர்கள் எனப்படும் மணற்பள்ளங்கள் இங்கே வட்டமாகவோ சீராகவோ இருக்காது. மாடுகள் மிதித்துப் புல் அழிந்த இடத்தில் காற்று மணலை அள்ளிப்போய்ப் பள்ளமாக்குவது அந்த மணற்குன்றுகளின் இயல்பு. அந்தப் பள்ளங்களைப் பார்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். விளிம்பு கிழிந்தது போல, புல் தொங்கிக்கொண்டிருக்கும். விளிம்புக்கு அடியில் பந்து சிக்கினால் பக்கவாட்டில் வெளியே வருவதே புத்தி. வெளியே வந்ததும் காலடித் தடங்களைச் சமப்படுத்துங்கள்.

கோடை மாலைகளில் இடி மின்னல் சட்டென்று வரும். எச்சரிக்கை ஒலி கேட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு கிளப் ஹவுஸுக்கோ காருக்கோ போய்விடுங்கள். திறந்த கோல்ஃப் வண்டி பாதுகாப்பாகாது.

ஆட்டத்துக்குப் பின் நேரமிருந்தால் ஊர்ப் பூங்காவில் இருக்கும் பழைய போனி எக்ஸ்பிரஸ் நிலையத்தைப் பாருங்கள். 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை குதிரையில் கடிதம் கொண்டுபோனவர்கள் பயன்படுத்திய மரக் கட்டடம் அது.

சனி, ஞாயிறுகளில் உள்ளூர்ப் போட்டி நடந்தால் வெளியாருக்கு இடம் கிடைக்காமல் போகலாம். அதனால் விடுதி பதிவு செய்வதற்கு முன்பே மைதானத்துக்கு ஃபோன் செய்து ஆட்ட நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.