ஜுப்பா: ஒரு சொல்லும் 4 டஜன் உருப்படியும்



சில ஆண்டுகளுக்கு முன், ரமலானுக்கு இரண்டு மாதம் இருக்கையில், மதரஸாப் பிள்ளைகளுக்கென ஜுப்பா 4 டஜன் வேண்டுமென்று தமிழ்நாட்டிலுள்ள ஒரு தையல்காரருக்கு நாம் எழுதினோம். வயதைக் குறித்தோம், நீளத்தைக் குறிக்கவில்லை. பார்சலைப் பிரித்தால் 48 உருப்படியும் முழங்காலோடு நின்றன! பக்கவாட்டில் வெட்டு, மார்பில் மூன்று பொத்தான். இந்நாட்டில் ஜுபா என்றால் கணுக்கால் வரை தொங்கும் அங்கியல்லவா? தொலைபேசியில் கேட்டோம்.

“காக்கா, நீங்க ஜுப்பான்னுதானே எழுதியிருந்தீங்க? இதுதானே ஜுப்பா?” என்றார். அவர் பேரில் குற்றமில்லை. ஆனால் சரக்கு கேட்டிருந்த நிர்வாகியோ, “பெயர் ஒன்று, சரக்கு வேறா?” என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டார். கடைக்காரனுடைய நாணயத்தைத் தொட்ட சொல் அது. இரவெல்லாம் உறக்கமில்லை.

உள்ளூரிலேயே துணியெடுத்து, நீளமாகத் தைத்துக் கொடுத்தோம். அதில் இலாபம் ஒரு காசுமில்லை. நிற்க, அன்று முதல் இந்தச் சொல்லின் பின்னால் அலைந்தோம். நாம் மதரஸாவும் தொடக்கப் பள்ளியும் மட்டுமே கண்டவன். ஆகவே ஓர் ஆலிமிடமும், அகராதிகள் புரட்டும் நண்பர் ஒருவரிடமும் கேட்டறிந்ததையே இங்கே எழுதுகிறோம்.

ஜுப்பா அரபிச் சொல். உடைகளுக்கு மேலே அணியும் நீண்ட அங்கியின் பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்தில் ஷாம் தேசத்து ஜுப்பா அணிந்திருந்தார்கள் என்றும், உளூச் செய்ய முனைந்தபோது அதன் கை இறுக்கமாக இருந்ததால் அங்கியின் கீழ்ப்புறமாகக் கரங்களை வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்றும் முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது உள்ளது. வேறோர் அறிவிப்பில் ‘ரூமி ஜுப்பா’ என்றே வருகிறது. ஷாம் தேசம் அப்போது ரோமர் ஆட்சியிலிருந்த பூமி. அப்படியானால் பெயர் அரபி, வெட்டும் தையலும் அயல்நாட்டுடையவை! நம்மிடம் சண்டைக்கு வந்தவருக்கு இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

சொல் அங்கேயே நிற்கவில்லை. ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி 711ல் தொடங்கி 1492 வரை ஏதேனும் ஒரு பகுதியில் இருந்துகொண்டிருந்தது. அந்நாட்டார் ‘அல்’ என்ற முன்சொல்லையும் சேர்த்து ‘அல்ஜுபா’ என்றே எழுதிக்கொண்டனர். இத்தாலியில் உச்சரிப்பும் மாறவில்லை. அவர்களும் ஜுப்பா என்றே சொல்வார்கள். ஆனால் அது அங்கியன்று, மேற்கோட்டு. அதிலிருந்து பிறந்த ‘ஜுப்போத்தோ’ என்ற சொல்லைக் குளிர்காலச் சட்டைக்கும் வைத்தார்கள், கப்பலில் ஆபத்து வந்தால் மாட்டிக்கொள்ளும் மிதவைச் சட்டைக்கும் வைத்தார்கள்.

பிரெஞ்சுக்காரர் கதைதான் வேடிக்கை. அவர்கள் மொழியில் ‘ஜூப்’ என்பது முதலில் ஆண்களின் மேலுடை. காலப்போக்கில் அது பெண்களிடம் போய், இடுப்புக்குக் கீழே இறங்கி, இன்று பாவாடைக்குப் பெயராக இருக்கிறது. ஜெர்மானியர் ‘யோப்பெ’ என்று தடித்த குட்டைக் கோட்டைச் சொல்வர். ருஷ்யர்களின் ‘ஷூபா’ கம்பளி ரோமத்தோடு கூடிய தோலங்கி. அதுவும் ஜெர்மானியர் வழியாகப் போன இதே சொல்தான் என்பது அறிஞர் கருத்து. ஆங்கிலேயரின் ‘ஜம்பர்’ கூட இந்த வம்சமாக இருக்கலாம் என்கிறார்கள். அதிலும் சிக்கல் பாருங்கள்: இங்கிலாந்தில் ஜம்பர் கேட்டால் கம்பளிப் பின்னல் சட்டை வரும், அமெரிக்காவில் கேட்டால் பெண்கள் அணியும் கையில்லாத கவுன் வரும். எத்தனை வியாபாரிகள் நம்மைப்போல் பார்சலைப் பிரித்துத் தலையில் கைவைத்தார்களோ!

மலாய்க்காரர் ஜுபாவை நீளம் குறைக்காமல் வைத்துக்கொண்டனர். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கும் நாளில் போடும் அங்கியும் அவர்களுக்கு ஜுபாதான். தமிழரோ அதை முழங்காலுக்கு வெட்டி, கழுத்துப்பட்டியை எடுத்து, ஜுப்பா, ஜிப்பா என்று தம் வாய்க்குத் தக்கபடி சொல்லி, பாகவதர், புலவர், அரசியல்வாதி என்று யாவருக்கும் மாட்டிவிட்டனர். அது நம் உடையா, பிறர் உடையா என்று பள்ளிவாசல் திண்ணையில் வாதிப்போர் உண்டு. அந்த வாதத்தில் நாம் கலப்பதில்லை. வெட்டிய கத்தரிக்கோல் எந்த ஊருடையது என்று வாடிக்கையாளர் கேட்டதாக நமக்கு நினைவில்லை. துணி சாயம் போகுமா என்றுதான் கேட்பார்கள்.

இப்போது நாம் ஆர்டர் எழுதும்போது பெயரை நம்புவதில்லை. தோளிலிருந்து விளிம்பு வரை இத்தனை அங்குலம், பக்கவெட்டு உண்டா இல்லையா, கை அகலம் எவ்வளவு என்று எழுதி, தாளில் ஒரு படமும் கிறுக்கி அனுப்புகிறோம். அந்தத் தையல்காரரே இன்றும் நமக்குத் தைக்கிறார்.

அந்த 48ம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரம், ‘ஜிப்பா’ என்று அட்டையில் எழுதிக் கடைவாசலில் தொங்கவிட்டோம். இந்துச் சகோதரர்கள் பிள்ளைகளுக்கென்று வந்து வாங்கிப் போனார்கள். சிறிய அளவில் 2 உருப்படி இன்னும் அலமாரியில் இருக்கின்றன.