பெயர் சொல்லாதவர் குறையைக் கேட்கலாமா?

கடை வாசலில் ஒரு கருத்துப் பெட்டி வைக்கலாம், சங்க அலுவலகத்திலும் ஒன்று வைக்கலாம் என்ற பேச்சு வணிகர்களிடையே அவ்வப்போது எழுகிறது. அது எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. அந்தப் பெட்டியில் யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாமா? அல்லது பற்று நோட்டில் பெயர் உள்ள வாடிக்கையாளரும், சந்தா கட்டிய உறுப்பினரும் மட்டும்தான் எழுதலாமா? இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவு எங்கே கட்டாயம்?

நம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. போடிநாயக்கனூரில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் நினைத்தவர் எல்லாம் விலை கேட்க முடியாது. 1987ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிமம் மற்றும் சந்தைப்படுத்தல் விதிகளின்படி, ஏலம் நடத்துபவரும் சரக்கு எடுக்கும் வியாபாரியும் நறுமணப் பொருட்கள் வாரியத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2007இல் வாய்மொழி ஏலம் போய் மின்னணு ஏலம் வந்தபோதும் இந்த விதி மாறவில்லை. காரணம் எளியது. ஏலத்தில் ஒருவர் சொல்லும் விலை வெறும் பேச்சு அன்று. அதற்குப் பின்னால் பணம் நிற்க வேண்டும். நாளை அவர் பின்வாங்கினால் மலையில் காய் பறித்த விவசாயி நஷ்டப்படுவார். ஆகவே யார் சொன்னது என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

ஆனால் அதே ஏலத்தில் அன்றைய சராசரி விலை, உச்ச விலை ஆகியவற்றை வாரியம் எல்லோருக்கும் வெளியிடுகிறது. அதைப் பார்க்க உரிமம் வேண்டியதில்லை. "இன்று விலை ஏன் இறங்கியது?" என்று கேட்கவும் உரிமம் வேண்டியதில்லை. விலை கேட்க ஒரு வாசல், விவரம் கேட்க வேறொரு வாசல். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பெயர் சொல்ல முடியாதவர்கள்

குறை உள்ளவர் நேரே வந்து சொல்லட்டுமே, பெயர் எழுத என்ன பயம் என்று நாம் கேட்கிறோம். பயப்பட வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள் என்பதே உண்மை. மாதச் சாமான் பாக்கி வைத்திருக்கும் குடும்பத்தலைவி, பருப்பில் கல் கிடக்கிறது என்று பெயரோடு எழுதுவாரா? அடுத்த மாதம் கடன் நின்றுவிடுமோ என்ற யோசனை வரும். கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கிய வாழை விவசாயியோ திராட்சை விவசாயியோ, கழிவு அதிகம் பிடிக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லமாட்டார். சிப்பந்தியும் சுமை தூக்குபவரும் முதலாளி முன்னால் வாய் திறப்பது அபூர்வம்.

ஆக, பெயர் கட்டாயம் என்று வைத்தால் நமக்குக் கிடைப்பது தெம்பு உள்ளவர்களின் குறை மட்டுமே. தெம்பு இல்லாதவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாடிக்கை ஏன் குறைந்தது என்பது நமக்குக் கடைசி வரை தெரியாது. சொல்லப்படாத குறைதான் கடைக்குப் பெரிய நஷ்டம்.

பெயரில்லாப் பேச்சின் கேடு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017 ஜூன் மாதம் தெலங்கானா, ஆந்திரா மாநிலங்களில் பிளாஸ்டிக் அரிசி விற்கிறார்கள் என்ற புரளி கிளம்பித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. முதலில் சொன்னவர் யார் என்று யாருக்கும் தெரியாது. சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடித்தால் துள்ளுகிறது என்பதே அவர்கள் காட்டிய சாட்சி. சோற்றில் உள்ள மாவுச்சத்தின் பசைத்தன்மையால் நல்ல அரிசிச் சோறும் உருட்டினால் துள்ளும். அரிசி மாதிரிகளைச் சோதித்த அதிகாரிகள் பிளாஸ்டிக் இல்லை என்று அறிவித்தார்கள். ஆனால் அதற்குள் பல ஊர்களில் மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார்.

போட்டிக் கடைக்காரரின் பொறாமை, பழைய பாக்கித் தகராறு, குடும்பப் பகை இவையெல்லாம் மொட்டைக் கடிதமாக வரும். கேட்கும் கதவைத் திறந்து வைத்தால் குப்பையும் சேர்ந்துதான் வரும். இதை மறுக்க முடியாது.

இருந்தாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்தப் புரளியை அடக்கியது, சொன்னவர் யார் என்ற விசாரணை அன்று; அரிசியைச் சோதித்துப் பார்த்ததுதான். சோதிக்கக்கூடிய குறைக்குச் சொன்னவர் பெயர் அவசியமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பிறர் கண்ட வழிகள்

ஜப்பானை ஆண்ட டோகுகவா யோஷிமுனே 1721இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், மக்கள் மனுப் போட ஒரு பெட்டி வைத்தார். அதைத் தாமே திறந்து படித்தார். மனுவில் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்பதில்லை. ஒகாவா ஷோசென் என்ற மருத்துவர் போட்ட மனுவினால் ஏழைகளுக்கென்று ஒரு மருத்துவமனை 1722இல் அங்கே உருவானது. பெயர் கேட்டும் நல்ல யோசனை வந்தது உண்மை. பெயர் சொல்லப் பயந்து எழுதாமல் விட்டவர் எத்தனை பேர் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

நம் நாட்டில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், பெயரில்லாத புகார்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று 1999 ஜூனில் உத்தரவிட்டது. நேர்மையான அலுவலர்களைத் தொல்லைப்படுத்த மொட்டை மனுக்கள் பயன்படுகின்றன என்பது காரணம். 2002இல், சரிபார்க்கக்கூடிய விவரம் இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு விசாரிக்கலாம் என்று சற்றுத் தளர்த்தியது. 2014இல் மீண்டும் இறுக்கியது. அவ்வளவு பெரிய அமைப்பே மாறி மாறி யோசித்த விஷயம் இது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நெடுஞ்சாலைப் பணிகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை மறைக்கக் கேட்டிருந்தும் அந்தக் கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பரில் அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையர் செய்த கொலை என்றே வழக்கு நடந்தது. ஆனால் பெயரைக் காக்கத் தவறியது நாட்டையே உலுக்கியது. 2004இல் மத்திய அரசு புதிய ஏற்பாடு செய்தது. அதன்படி புகார் செய்பவர் பெயரை ஆணையத்திடம் சொல்ல வேண்டும். ஆணையம் அதை வெளியே விடக்கூடாது.

நாம் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து கடைக்கும் சங்கத்துக்கும் பொருந்தும் முறையை இப்படி வகுக்கலாம்.

1. சரக்கு, எடை, விலை, சுத்தம், பழக்கவழக்கம் பற்றிய குறையைப் பெயர் கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். எடை குறைகிறது என்று சீட்டு வந்தால் தராசைச் சோதியுங்கள். ஏலக்காயில் பச்சைச் சாயம் என்றால் நாலு காயை ஈரத்துணியில் தேய்த்துப் பாருங்கள். யார் எழுதியது என்று கையெழுத்தை ஆராய வேண்டாம்.

2. குறிப்பிட்ட ஒருவர் மீது குற்றச்சாட்டு என்றால் எழுதியவர் பெயர் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பதில் சொல்ல உரிமை உண்டல்லவா? அந்தப் பெயர் செயலாளர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அவர் வீட்டாரிடம்கூடச் சொல்லக்கூடாது.

3. பெயரில்லாத சீட்டை வைத்து எவரையும் தண்டிக்கவோ வேலையிலிருந்து நிறுத்தவோ கூடாது. அது விசாரணைக்குத் தொடக்கம். தீர்ப்புக்கு ஆதாரம் அன்று.

4. வந்த சீட்டைப் படிக்காமல் பலகையில் ஒட்டக்கூடாது. ஒட்டிய பிறகு புரளிக்கு நாமே துணை போனவர்கள் ஆவோம்.

5. உறுப்பினர் அல்லாத வணிகரும் பொதுக்கூட்டத்தில் குறை சொல்லலாம். ஆனால் வாக்கு உறுப்பினருக்கே. போடி ஏலத்தில் விலை கேட்பதற்கு உள்ள நியாயமே இதற்கும்.

6. மாதம் ஒருமுறை, வந்த குறைகள் இவை, செய்தது இது என்று எழுதி வையுங்கள். எழுதியவர் தம் பெயரைச் சொல்லாமலே பதிலைப் படித்துக்கொள்வார். அடுத்த முறை அவரே நேரில் வந்து சொல்லவும் கூடும்.

பாக்கி வைத்திருப்பவர் பயமில்லாமல் குறை சொல்லும் கடையில் பாக்கியும் வசூலாகும், வாடிக்கையும் நிலைக்கும். பெயர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். கேட்ட பெயரைக் காப்போம். கேட்க வேண்டாத இடத்தில் குறையை மட்டும் கேட்டுக்கொள்வோம். பெட்டி வைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதைத் திறந்து படிக்கும் பொறுமையே வணிகர் போட வேண்டிய முதல்.