எஞ்சினைப் பிரிக்கும் முன்: மும்பையில் கேரேஜ் போடும் இளம் மெக்கானிக்குக் கடிதம்

மும்பையில் கடைசியாகக் கறுப்பு-மஞ்சள் டாக்சியாகப் பதிவான பிரீமியர் பத்மினிக்கு 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் எண் கிடைத்தது. சரியாக 20 ஆண்டு கழித்து, 2023 அக்டோபர் 30 முதல், டாக்சியாக ஓட அதற்கு அனுமதி இல்லை. எஞ்சின் நின்றதால் அல்ல, வயது வரம்பு முடிந்ததால். டாக்சிகளின் வயதை 2008இல் 25 ஆண்டு என்று வைத்த மகாராஷ்டிர அரசு, 2013இல் அதை 20 ஆகக் குறைத்திருந்தது. தாராவியிலோ செம்பூரிலோ புதிதாகக் கேரேஜ் போடும் மெக்கானிக் முதலில் படிக்க வேண்டிய வண்டி இதுதான். ஒரு கார் எதனால் முடிந்துபோகிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

பத்மினி உள்ளூர்ச் சரக்கு. பிரீமியர் நிறுவனம் தன் குர்லா தொழிற்சாலையில் ஃபியட் 1100 வண்டிகளைச் செய்துவந்தது. 1974இல் அவற்றுக்குப் பத்மினி என்று பெயர் வைத்தது. எஞ்சின் 1089 சிசி, நாலு சிலிண்டர், கியர் ஸ்டியரிங் பக்கத்தில். கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், கையால் கழற்றக்கூடிய பெட்ரோல் பம்ப். நாலைந்து ஸ்பேனர் இருந்தால் சாலையோரத்திலேயே வேலை முடியும். கல்கத்தா டாக்சிக்காரர் அம்பாசிடரைப் பிடித்துக்கொண்டதைப் போல பம்பாய்க்காரர் ஃபியட்டை விடாமல் வைத்திருந்ததற்கு அதுவே காரணம். 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுக்கு மேல் அந்த வண்டிகளை ஓடவைத்தவர்கள் மெக்கானிக்குகள்தான். குர்லா-காலினா சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் பழைய சாமானைத் தேடினார்கள், கிடைக்காததை லேத்தில் கடைந்துகொண்டார்கள், படுத்த வண்டியிலிருந்து கழற்றி ஓடுகிற வண்டியில் பூட்டினார்கள்.

எஞ்சினைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். போர் பெரிதாகிவிட்டால் ஸ்லீவ் இறக்கலாம், கிராங்க்கைத் தேய்த்து அடுத்த அளவு பேரிங் போடலாம், வேறு எஞ்சினே மாற்றி ஆர்.சி.யில் எழுதிக்கொள்ளலாம். இப்படிப் புதுப்பிக்க முடியாதவை பாடியும், சாமான் வரத்தும், காகிதமும். ஆனால் கேரேஜுக்கு வரும் பேச்சு எப்போதும் “அண்ணாச்சி, எஞ்சின் இறக்கணுமா?” என்றுதான் தொடங்கும். இளம் மெக்கானிக் கெட்டுப்போகும் இடமும் அதுவே. எஞ்சின் வேலையில் காசு இருக்கிறது, பெயரும் கிடைக்கிறது. பாடியை முதலில் பார்க்க மனம் வராது.

பத்மினிக்கும் மாருதி 800க்கும் லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே தரைத்தகட்டில் துரு ஏறினால் வண்டியின் முதுகெலும்பில் ஏறியதாகக் கொள்ள வேண்டும். பார்க்கும் முறை எளிது. டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கி, அடியிலுள்ள ஃபெல்ட்டை விலக்கி, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் தகட்டை அழுத்த வேண்டும். நல்ல தகடு எதிர்த்து நிற்கும். கெட்டது பிஸ்கட்டாக நொறுங்கும். அடுத்து, கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித்தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், கணீரென்ற சத்தம் எங்கே ‘பொத்’தென்று மாறுகிறதோ அங்கே உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு முன் சஸ்பென்ஷன் பூட்டும் இடமும், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் கொக்கியும். வெளித்தகடு பளபளவென்று இருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். பட்டி பூசிப் பெயிண்ட் அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. மெக்கானிக்கின் சட்டைப்பையில் பத்து ரூபாய்க் காந்தம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

மும்பையில் இந்த நோய் அதிகம். கடற்காற்றில் உப்பு, ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. வண்டி மேல் இருக்கும் அன்பும் சேர்ந்து கெடுக்கும். மாட்டுங்காவில் அப்பா வாங்கிய ஃபியட்டை மழைக்காலம் முழுக்க பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவைப்பவர்கள் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கிறார்கள். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் சருகு விழுந்து கதவடி நீர்த்துளைகளை அடைக்கிறது. கதவு உள்ளிருந்து அரிக்கிறது. ஈர்க்குச்சியால் அந்தத் துளைகளைக் குத்திவிடுவது ஐந்து நிமிட வேலை. அதற்குக் கூலி கேட்க முடியாது, ஆனால் வாடிக்கையாளர் அடுத்த முறையும் வருவார்.

தரையில் ஓர் இடத்தில் மட்டும் ஓட்டை இருந்தால், கெட்டதை வெட்டி நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். சஸ்பென்ஷன் பூட்டும் இடமும் பெட்டித்தகடும் சேர்ந்து போயிருந்தால் அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை எடுக்கவே கூடாது.

பாடி தேறிய பிறகுதான் எஞ்சின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் பார்த்து, குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும் என்ற வண்டிக்கு முழு எஞ்சினையும் பிரிப்பது திருட்டுக்குப் பக்கத்தில் வரும்.

வெள்ளம் தனிப்பாடம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவு மழை இல்லாத ஆண்டிலும் மாட்டுங்கா காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் நிற்கும். நீரில் நின்ற வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று வாடிக்கையாளருக்கு மழைக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, கையால் சுற்றி, நீரை வெளியேற்றிய பிறகே சாவியைத் தொடலாம். பத்மினியில் டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் துடைத்துக் காயவைத்தால் பல சமயம் வண்டி கிளம்பிவிடும். இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி நனைந்தால் அந்த ஒரு பெட்டியின் விலையே புதுசா பழசா என்பதைத் தீர்மானித்துவிடும்.

பணக்கணக்கில் பலரும் ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுகிறார்கள். ஐம்பதாயிரம் பெறும் வண்டிக்கு அறுபதாயிரம் செலவா என்ற கேள்வியே தவறு. ஒப்பிட வேண்டியது புது வண்டியின் செலவோடு. எட்டு லட்ச ரூபாய்க் கார் ஒன்றை எடுத்துக்கொண்டால், காப்பீட்டுக்காரர் வைத்திருக்கும் தேய்மான அட்டவணைப்படியே ஐந்தாண்டு முடிவில் அதன் மதிப்பு பாதி: போனது நாலு லட்சம். முழுத்தொகையும் 9 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடன் என்றால் மாதத்தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய், வட்டி மட்டும் இரண்டு லட்சத்தை ஒட்டும். மகாராஷ்டிரத்தில் 10 லட்சத்துக்குட்பட்ட பெட்ரோல் வண்டிக்குச் சாலை வரியே 11 சதவீதம். வரியை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சும்மா நின்றாலும் கரையும். பாடி நன்றாக இருக்கும் பழைய வண்டி ஆண்டுதோறும் அவ்வளவு கேட்பது அபூர்வம். வாரத்துக்கு இரண்டு நாள் சந்தைக்கும் கோயிலுக்கும் போகிறவருக்குப் பழையதே லாபம். தினமும் செம்பூரிலிருந்து நெடுந்தூரம் வேலைக்குப் போகிறவருக்குப் பெட்ரோல் செலவும் பாதிவழியில் நின்ற நாட்களின் நஷ்டமும் கணக்கை மாற்றிவிடும்.

காகிதம் சுருக்கமாக. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டு. பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆனது. மாநிலத்தின் சுற்றுச்சூழல் வரி தனி. 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற டெல்லிக் கட்டுப்பாடு மும்பைக்குப் பொருந்தாது. அதைக் காட்டி வாடிக்கையாளரைப் பயமுறுத்தி வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிற புரோக்கர்கள் உண்டு.

இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது அரிக்கும், ஈரத்தை இழுக்கும், டாங்கின் அடியில் படிந்த கசடைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களுக்கு மாற்றுவது பெரிய செலவில்லை. குழாய் கசிந்து சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் தீ பிடிக்கும் என்பதால் தள்ளிப்போடக் கூடாத வேலை அது.

“புதுசு வாங்குங்க” என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. மும்பையில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995இல்தான்; அதற்கு முந்தைய வண்டியை எவ்வளவு டியூன் செய்தாலும் புகை இன்றைய வண்டியின் அளவுக்கு இறங்காது. ஏர்பேக், ஏ.பி.எஸ். எதையும் பின்னால் பொருத்த முடியாது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு புனே எக்ஸ்பிரஸ்வேயில் போகிற குடும்பத்துக்குப் பத்மினியைத் தேற்றிக் கொடுப்பது உதவி ஆகாது. கியூபாவில் அமெரிக்க வண்டிக்குள் சோவியத் எஞ்சினைப் பூட்டி ஓட்டுகிறார்களே என்று வியப்பவர்கள், அங்கே புது வண்டி வாங்க வழியில்லாமல் இருந்ததையும் நினைக்க வேண்டும். சிங்கப்பூரிலோ பத்தாண்டு அனுமதிச் சீட்டு முடிந்ததும் நல்ல வண்டிகள் பலவும் உடைபடுகின்றன. இரண்டு ஊரிலும் முடிவு மெக்கானிக் கையில் இல்லை. இங்கே பெரும்பாலும் அவர் வாய்ச்சொல்லில் இருக்கிறது.

முடிந்துபோன வண்டியைக் கேரேஜிலேயே உடைத்து விற்கக் கூடாது. பதிவுபெற்ற உடைப்புக்கூடத்தில் கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வரியில் சலுகை பெறலாம். வண்டி அழிந்ததை உரிமையாளர் ஆர்.டி.ஓ.வுக்கு 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பில் இல்லாத எஞ்சின், எண் தேய்த்த கியர்பாக்ஸ் மலிவாக வந்தால் தொடவே வேண்டாம். திருட்டு வழக்கில் முதலில் போலீஸ் நிற்பது கேரேஜ் வாசலில்தான்.

ஒரு வேலை மட்டும் கடை திறக்கும் நாளிலேயே செய்துவிட வேண்டும். வண்டியைப் பார்த்துச் சொல்வதற்குத் தனிக் கூலி என்று போர்டில் எழுதி, பாடி, எஞ்சின், காகிதம் மூன்றின் நிலையையும் செலவையும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கூலி வாங்காத மெக்கானிக், வாடகை கட்டுவதற்காகவே எஞ்சினைப் பிரிக்க நேரிடும்.