பழைய புல்லட்டும் மெட்டாலிக் பெயிண்டும்



புல்லட் மோட்டார் சைக்கிளை 1950-களிலிருந்து சென்னைப் பகுதியில் தயாரிக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் பழைய புல்லட் மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பாவுக்கு மனசு வரல. "நாமளே பெயிண்ட் அடிப்போம் பாப்பா" என்றார்.

முதலில் டேங்கில் இருந்த பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, நன்றாகக் காற்றாட வைத்தோம். பழைய பெயிண்டையும் துருவையும் வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். பேப்பரின் எண் கூடினால் சொரசொரப்பு குறையும். பள்ளங்களில் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்தோம்.

மெட்டாலிக் பெயிண்ட் ஏன் மின்னுகிறது? அதில் மிகச் சிறிய அலுமினியச் செதில்கள் கலந்திருக்கின்றன. அவை தட்டையாகப் படிந்து, சின்னச் சின்னக் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். டப்பாவைக் கலக்கும் வேலை என்னுடையது. மேலாக மட்டும் கலக்கிவிட்டு ஊற்றிக் கொடுத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் டேங்க் மங்கலாகவும், டூல் பாக்ஸ் வெள்ளை வெளேரென்றும் இருந்தன! அப்பாவின் இரண்டு நாள் கூலி வீண். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. "ஏன் இப்படி ஆச்சுன்னு மொதல்ல கண்டுபிடி" என்றார்.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "நீ படிச்ச தொங்கல் கலவைதான் இது" என்றார்கள். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம். பெயிண்ட் திரவத்தை விட அதிகம். அதனால் செதில்கள் அடியில் தங்கிவிடும். முதலில் ஊற்றியதில் செதில் குறைவு, கடைசியில் ஊற்றியதில் அதிகம்.

மறுபடி தேய்த்தோம். இந்தத் தடவை அடிவரை கரண்டி விட்டுக் கலக்கினேன். ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் கலக்கினேன். அப்பா ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில், மெல்லிய பூச்சாக அடித்தார். தடிமனாக அடித்தால் செதில்கள் ஈரத்தில் நகர்ந்து மேகம் மேகமாகத் தெரியும்.

கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட். அதுதான் செதில்களைப் பாதுகாக்கும், பளபளப்பும் தரும். அதனுடன் சேர்க்கும் ஹார்டனரின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குட்டை கட்டினால் போதாது. அப்பா அதற்கான முகமூடி போட்டுக்கொண்டார். என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

இப்போது தாத்தா தினமும் வண்டியைத் துடைக்கிறார். நண்பர்களே, பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள். நான் தொங்கலுக்கு ஐந்து மார்க் வாங்கியவள்தான். ஆனால் டப்பாவைக் கலக்கும்போது அது ஞாபகம் வரவில்லையே!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி