மெய்ம்மை ஒன்றோ, பலவோ?

மெய்ம்மை ஒன்றோ, அன்றி ஆளுக்கொன்றாய்ப் பலவோ என்பது கல்லூரிச் சொற்போர்களில் அடிக்கடி எழும் வினா. "உனக்கு அது மெய், எனக்கு இது மெய்" என்று கூறி இருசாராரும் நட்புடன் பிரிதல் நாகரிகமாகவே தோன்றுகிறது. நெய்வேலிச் சுரங்கக் கரையில் நின்று ஆராய்வோமாயின், அந்நாகரிகம் எத்துணைத் தொலைவு செல்லும் என்பது புலனாகும்.

1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரியதொரு பொருள் வெளிப்பட்டது. நீர் தேடினார்க்கு அஃது இடையூறு. நிலநூலார்க்குப் பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் அமைத்த அரசினர்க்கோ மின்சாரம். ஆகவே மெய் மூன்று என்பாருளர். அஃதன்று. பொருள் ஒன்றே, வினாக்களே மூன்று.

இக்கரி எவ்வளவு வெப்பம் தரும்? வெட்டியவாறே எரித்தார் ஓர் எண் கூறுவர்; உலர்த்தி எரித்தார் அதனினும் பெரியதோர் எண் கூறுவர். வெட்டியெடுத்த கரியில் ஏறத்தாழப் பாதி நீராதலே காரணம். "ஈரத்தோடு", "உலர்ந்தபின்" என்று ஒரு சொல் சேர்த்த அளவிலே இருவர் கூற்றும் எல்லார்க்கும் மெய்யாகிவிடும். சார்புடையதாய்த் தோன்றியது மெய்ம்மையன்று. குறைபட நின்ற வாக்கியமே. அண்மையிலுள்ள திருப்பாதிரிப்புலியூர் பண்டைச் சமணர் கல்விக்குப் பேர்பெற்ற இடம். எதனையும் "ஒருவாற்றான்" என்னும் அடையோடு கூறுக என்று அவர் விதித்ததும் இதுபற்றியே. எவர் கூறினும் மெய்யே என்பது அவர் கொள்கையெனக் கருதுவது அவர்க்குச் செய்யும் அநீதி.

கரிப்படுகையின்கீழ் மிக்க அழுத்தத்துடன் நீர் நிற்கிறது. இரவு பகலாய் இறைத்து அவ்வழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். அந்நீர் எவர் கருத்தையும் வினவுவதில்லை.

இயற்கைப் பொருளில் இஃது ஒக்கும். மாந்தர் வழக்கில் ஒக்குமோ எனின், 2023 ஜூலையில் வளையமாதேவியில் நிகழ்ந்ததை நோக்குக. பரவனாற்றுக்கு மாற்றுவழி வெட்டுதற்பொருட்டு, நின்ற நெற்பயிர்மீது இயந்திரங்கள் சென்றன. நிலம் பல்லாண்டுகட்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றனர் நிறுவனத்தார். பயிர் அழிந்தது, இழப்பீடு போதாது என்றனர் உழவர். நிலம் கையகப்பட்டதும் பயிர் அழிந்ததும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எது பெரிதென்பது நீதியின் வினா. அதனைத் தொடங்குதற்கே, பயிர் நின்றதா, தொகை சேர்ந்ததா என்பன இருதிறத்தார்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். மெய் பலவென்பது எளியாரைக் காக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணுகிலேம். மெய் ஆளுக்கொன்றாயின் உழவன் முறையீடு அவன் கருத்தளவாய் நின்றொழியும். கருத்தோடு கருத்து மோதுங்கால் வெல்வது பொருளும் ஆளும் உடையவர் கருத்தன்றோ?

சுற்றூர்க் கிணறுகள் தாழ்ந்தமைக்குச் சுரங்கம் எவ்வளவு காரணம் என்பதில் வழக்கு இன்னும் ஓய்ந்திலது. ஒரு கிணற்றில் இன்று நீர் எத்தனை அடி ஆழத்தில் உள்ளது என்பதில் வழக்கிற்கு இடமேயில்லை. கயிறு விட்டு அளந்தால் தெரியும்.